சாந்த்ரியோன் ஓபராவில் இளவரசன் ஆணா, பெண்ணா?

பூசணித்தேர் எழுதியது:

வணக்கம். ஓபராவில் எனக்கு இன்னும் பாலபாடமே முடியவில்லை. கேள்வி அசட்டுத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய இசைத்தட்டு விற்கும் கடையில் ஒரு சிடி பெட்டி கிடைத்தது. மஸ்னே இசையமைத்த ‘சாந்த்ரியோன்’, அதாவது சிண்ட்ரெல்லா கதை, பிரெஞ்சு ஓபராவாக. 1978இல் பதிவானது. வாத்தியக்குழு நடத்துநர் ஜூலியஸ் ரூடல், சிண்ட்ரெல்லா ஃபிரெடெரிக்கா வான் ஸ்டேட், இளவரசன் நிக்கோலாய் கெட்டா. ஒரு வார்த்தை புரியாமலே இரண்டு வருடமாகச் சமைக்கும்போதெல்லாம் அதைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவின் 2018 மேடையேற்றத்தை வீடியோவில் பார்த்தேன். இரண்டாம் அங்கத்தில் இளவரசன் வாயைத் திறந்தால் பெண் குரல்! ஆலிஸ் கூட் என்ற பாடகி. புதுமை பண்ணுகிறேன் பேர்வழி என்று இயக்குநர் செய்த வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள், ‘அம்மா, இந்த இளவரசன் அண்ணாவா அக்காவா?’ என்று கேட்டுவிட்டாள். பதில் தெரியவில்லை.

எது மூலம், எது மாற்றம்? இந்த ஓபரா பிறந்த கதையையும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

மூன்றாம்மணி எழுதியது:

அக்காதான். மகளிடம் தைரியமாகச் சொல்லுங்கள். நீங்கள் இரண்டு வருடமாகக் கேட்டதுதான் மாற்றம்.

மஸ்னே இளவரசனைப் பெண் குரலுக்கே எழுதினார். பிரெஞ்சு வழக்கில் ‘ஃபால்கோன்’ என்று ஒரு குரல்வகை உண்டு. 1830களில் பாரிஸைக் கட்டிப்போட்ட கோர்னெலி ஃபால்கோன் என்ற பாடகியின் பெயரால் வந்தது. சோப்ரானோ, அதாவது உயர்ந்த பெண் குரல்தான், ஆனால் கீழ்ஸ்தாயியில் நல்ல கனமும் இருளும் உள்ள குரல். அப்படிப்பட்ட குரலைத்தான் இளவரசனுக்குக் கேட்டார். 1899 மே 24, பாரிஸ் ஒபேரா-கொமீக் அரங்கில் முதல் இரவு. அன்று ராஜபார்ட் கட்டியவர் மரி-லூயிஸ் வான் எமெலென் என்ற பெண்.

அதில் அன்றைய ரசிகர்களுக்கு அதிசயம் எதுவும் இல்லை. மீசை முளைக்காத வயசுப் பையன் என்றால் பெண் பாடுவது ஐரோப்பிய மேடையில் பழகிப்போன விஷயம். மோசார்ட் ஓபராவில் வரும் கெருபீனோ அப்படி, பிரெஞ்சு இசையமைப்பாளர் கூனோவின் ‘ஃபௌஸ்ட்’ ஓபராவில் வரும் சீபெல் அப்படி. ஆனால் அவர்களெல்லாம் துணைப் பாத்திரங்கள். மஸ்னே ஒரு படி மேலே போனார். கதாநாயகனையே, காதல் டூயட் முழுவதையுமே, பெண் குரலிடம் கொடுத்துவிட்டார். துணிச்சல் அங்கேதான் இருக்கிறது.

பிறந்த கதை நீளம். இன்றிரவு உட்கார்ந்து எழுதுகிறேன்.

கறார்_காது எழுதியது:

மூன்றாம்மணி வழக்கம்போலத் தீர்ப்பு எழுதிவிட்டுத்தான் விசாரணையைத் தொடங்குகிறார்.

டெனர், அதாவது உயர்ந்த ஆண் குரல், பாடினால் என்ன குறைந்துவிட்டது? கெட்டா சாதாரண ஆள் இல்லை. பிரெஞ்சு உச்சரிப்பில் அவரளவுக்குச் சுத்தம் பிரெஞ்சுக்காரர்களிலேயே எத்தனை பேர்? ஆண் வேடத்தை ஆண் பாடுகிறார், கண்ணை மூடிக்கொண்டு கேட்பவருக்குக் குழப்பம் இல்லை. இந்த ஓபராவே சர்க்கரைப் பாகு. அதில் கொஞ்சம் ஆண் குரல் உப்பாவது சேரட்டுமே.

மூன்றாம்மணி எழுதியது:

கறார் அண்ணா, உப்புக்கு அப்புறம் வருகிறேன். முதலில் கதை.

1894 ஜூன். மஸ்னேயின் ‘லா நவாரேஸ்’ லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் முதன்முதலாக அரங்கேறுகிறது. அதற்காக அவரும், அதன் வசனகர்த்தாக்களில் ஒருவரான ஆன்ரி கேனும் லண்டனில் கேவண்டிஷ் ஹோட்டலில் தங்கியிருக்கிறார்கள். ‘லா நவாரேஸ்’ துப்பாக்கியும் பீரங்கியும் ரத்தமுமான சின்ன ஓபரா. அதை மேடையேற்றிக்கொண்டிருந்த அதே நாட்களில்தான் சிண்ட்ரெல்லா பேச்சு அவர்களுக்குள் கிளம்பியது. பீரங்கிச் சத்தத்தில் காது அடைத்துப்போனவர்கள் தேவதைக் கதையைத் தேடியதில் ஆச்சரியம் இல்லை என்பது என் ஊகம்.

கேன் ஓவியரும்கூட. அதனாலோ என்னவோ, அவர் எழுதிய காட்சிகள் படம் படமாக வரும். நான்கு அங்கம், ஆறு காட்சி. வகையை ‘தேவதைக் கதை’ என்றே போட்டார்கள். ‘இன்பியல்’, ‘துன்பியல்’ என்று எதுவும் போடவில்லை. கதைக்கு மூலம் ஷார்ல் பெரோ 1697இல் வெளியிட்ட தொகுப்பு.

நார்மண்டியில் போன்-த-லார்ஷ் என்ற ஊரில் ஒரு பழைய வீட்டில் இருந்துகொண்டு மஸ்னே இதில் வேலை செய்தார். 1890களின் நடுவிலேயே இசை பெரும்பாலும் தயார். ஆனால் மேடை ஏறவில்லை. அவருடைய இன்னொரு ஓபரா ‘சாஃபோ’ 1897 நவம்பரில் முந்திக்கொண்டது. அதற்கு அடுத்த மாதமே ஒபேரா-கொமீக் இயக்குநர் லெயோன் கார்வாலோ இறந்துபோனார். பொறுப்புக்கு வந்தவர் அல்பேர் கர்ரே.

கர்ரே வந்ததுதான் இந்த ஓபராவுக்கு அடித்த யோகம். ஏன் என்று சொல்ல அந்த அரங்கத்தின் கதையைச் சொல்ல வேண்டும். 1887 மே 25, ஒரு நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோதே பழைய அரங்கம் தீப்பிடித்து எரிந்தது. எரிவாயு விளக்குக் காலம். ஏராளமானோர் செத்தார்கள். அதன்பின் பதினோரு வருடம் அந்தக் குழு வேறு அரங்கங்களில் குடக்கூலி இருந்தது. புது அரங்கம் அதே இடத்தில் 1898 டிசம்பரில் திறந்தது. இம்முறை மின்விளக்கு.

இப்போது யோசித்துப் பாருங்கள். புத்தம்புது மேடை, புது இயக்குநர், கையில் மின்சாரம். அந்த மேடைக்கு ஒரு தேவதைக் கதை வருகிறது. நிலா வெளிச்சத்தில் ஓக் மரம், மறைவிலிருந்து ஒலிக்கும் ஆவிக் குரல்கள், மேகத்தில் தேவதை. செலவுக்கு அஞ்சாமல் கர்ரே இறங்கினார். நடத்துநர் அலெக்ஸாந்த்ர் லுயிஜினி. லூசெத்தாக (ஓபராவில் சிண்ட்ரெல்லாவின் சொந்தப் பெயர் இதுதான்) ஜூலியா கிரோதோன், அப்பா பாந்தோல்ஃபாக லூசியான் ஃபுஜேர், சித்தி மதாம் த லா அல்தியேராக பிளான்ஷ் தெஷான்-ஜெஹான், தேவதையாக ஜோர்ஜெத் ப்ரெஜான்-க்ராவியேர். முதல் பருவத்திலேயே ஐம்பது நிகழ்ச்சி. புது ஓபராவுக்கு அது பெரிய ஓட்டம்.

ஒரு கிசுகிசு: கண்ணாடிச் செருப்பு யாருக்குப் பொருந்தியதோ தெரியாது, ஆன்ரி கேனுக்கு ஜூலியா கிரோதோன் பொருந்திப்போனார். கொஞ்ச காலத்தில் கல்யாணம்.

அரைக்கட்டை எழுதியது:

அருமை சார். 1899க்கு ஒரு கொசுறு. அதே வருடம், அதே பாரிஸ் வட்டாரத்தில், ஜோர்ஜ் மெலியேஸ் சிண்ட்ரெல்லாவைச் சினிமாவாகவே எடுத்துவிட்டார். ஆறு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பூசணிக்காய் கண்ணெதிரே வண்டி ஆகும், கடிகாரங்கள் கனவில் வந்து ஆடும். மின்சாரமும் கேமராவும் ஒரே வருடத்தில் ஒரே பெண்ணுக்காக வேலை செய்திருக்கின்றன.

பூசணித்தேர் எழுதியது:

நன்றி மூன்றாம்மணி அண்ணா. இன்னொரு சந்தேகம். வீடியோவில் செருப்பைப் போட்டுப் பார்க்கும் காட்சிக்காகக் காத்திருந்தேன். அக்காக்கள் காலைத் திணித்துத் திணித்துப் பார்ப்பார்களே, அது. வரவே இல்லையே! நான் தூங்கிவிட்டேனா?

மூன்றாம்மணி எழுதியது:

தூங்கவில்லை. அந்தக் காட்சி இதில் உண்மையிலேயே கிடையாது. இந்த ஓபராவில் செருப்புக்கு வேலை வேறு. தேவதை அதை ஒரு தாயத்து மாதிரி கொடுக்கிறாள். அது காலில் இருக்கும்வரை விருந்தில் சித்திக்கும் அக்காக்களுக்கும் இவளை அடையாளம் தெரியாது. கடைசி அங்கத்தில் செருப்பைப் பற்றிய அறிவிப்பு வரும், தூரதேசத்து இளவரசிகள் கம்பீரமான அணிவகுப்பு இசையோடு வருவார்கள். ஆனால் கால் அளவு பார்க்கும் கேலிக்கூத்து இல்லை. குரலும் முகமும் பார்த்துத்தான் இருவரும் சேர்கிறார்கள்.

இன்னொரு பெரிய மாற்றம் அப்பா. பெரோவின் கதையில் அப்பா இருக்கிறார் என்பதே பலருக்கு ஞாபகம் இருக்காது. பெண்டாட்டிக்கு அடங்கியவர் என்று ஒரு வரியில் ஒதுக்கிவிடுவார் பெரோ. கேன் அந்த ஒரு வரியைப் பிடித்து முழு மனிதனை உண்டாக்கினார். பாந்தோல்ஃப் கிராமத்தில் பண்ணையும் தோப்புமாக நிம்மதியாக இருந்தவர், ஒரு பிரபுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு பட்டணத்துக்கு வந்து மாட்டிக்கொண்டவர். முதல் அங்கத்தில் தனக்குத்தானே புலம்புவார். மூன்றாம் அங்கத்தில் ஒருவழியாக முதுகெலும்பு நிமிர்ந்து, பெண்டாட்டியையும் அவள் பெண்களையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, மகளிடம் ‘வா, இந்த ஊரை விட்டுப் போய்விடலாம்’ என்று பாடுவார். பெரிய நாடகமே இல்லாத மெட்டு. அப்பாவும் மகளும் பழைய தோட்டத்தை, குருவிகளை நினைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் இந்த ஓபராவின் மிகச் சிறந்த பத்து நிமிடத்தில் இது ஒன்று. அதில் காதலே இல்லை.

செயின்நதிக்கரை எழுதியது:

மூன்றாம்மணி அண்ணை சொன்ன அந்த அப்பா-மகள் பாட்டில் எனக்கும் கண் கலங்கியது. 2022 வசந்தத்தில் பாரிஸ் பஸ்தீய் அரங்கில் பார்த்தேன். மரியாம் க்ளெமான் இயக்கம், கார்லோ ரிட்ஸி நடத்தினார். டாரா எராட் லூசெத், அன்னா ஸ்டெஃபனி இளவரசன். பாரிஸிலேயே பிறந்த இந்த ஓபரா, பாரிஸ் தேசிய ஓபராவின் பட்டியலுக்குள் நுழைந்தது அப்போதுதான். நூற்றிருபது வருடத்துக்கும் மேலே!

இயக்குநர் கதையை மஸ்னே காலத்து ஆலை யுகத்துக்குக் கொண்டுபோய் வைத்திருந்தார். முதல் அங்கத்தில் மேடையை அடைத்துக்கொண்டு ஒரு ராட்சத இயந்திரம். விருந்துக்குப் போகிற பெண்களை ஒரே அச்சில் வார்த்தெடுக்கிற இயந்திரம் அது.

எனக்கு ஒரு குறைதான். பஸ்தீய் அரங்கில் சுமார் 2,700 இருக்கைகள். இந்த இசை பிறந்த ஒபேரா-கொமீக்கில் 1,200 சொச்சம். மேல்மாடியில் நானிருந்த இடத்துக்குத் தேவதையின் மெல்லிய கமகமெல்லாம் வந்து சேரும்போது கரைந்துவிட்டது. அளவான வீட்டுக்குச் செய்த சாமானைக் கல்யாண மண்டபத்தில் வைத்தது மாதிரி.

கறார்_காது எழுதியது:

இதைத்தான் நானும் சொல்கிறேன். மெல்லிசு, மெல்லிசு, எல்லாம் மெல்லிசு. மஸ்னேயைப் பற்றி அவர் காலத்திலேயே ‘கூனோ பெற்ற மகள்’ என்று கேலி செய்தவர்கள் உண்டு. இத்தாலிய இசையமைப்பாளர் ரொசினி 1817இல் இதே கதையைத் தொட்டபோது தேவதையையும் மந்திரத்தையும் தூக்கியெறிந்தார், கண்ணாடிச் செருப்புக்குப் பதில் கைவளை வைத்தார். மனிதர்கள் மனிதர்களை ஏமாற்றும் கதை ஆக்கினார். அதில் உயிர் இருக்கிறது. இதில் இரண்டரை மணி நேரம் ஜரிகை.

பிறகு ஒன்று. நல்ல சரக்காக இருந்தால் ஏன் பல பத்தாண்டுகள் அலமாரியில் கிடந்தது? 1899இல் ஐம்பது தடவை ஓடியது எப்படி, அப்புறம் காணாமல் போனது எப்படி?

மூன்றாம்மணி எழுதியது:

சர்க்கரை என்கிறீர்கள். சரி, இரண்டு சர்க்கரை இல்லாத இடங்களைக் காட்டுகிறேன்.

ஒன்று, சித்தி. மூன்றாம் அங்கத்தில் தன் வம்சத்தில் யார் யார் இருந்தார்கள் என்று ஒரு பட்டியல் பாடுவாள். வெனிஸ் அதிபதி, நீதிபதிகள் என்று மூச்சு விடாமல் போகும். பெண் குரல்களில் மிகத் தாழ்ந்ததான கான்ட்ரால்டோவின் அடிவயிற்றிலிருந்து வரவேண்டிய பாட்டு. 2011 லண்டனில் எவா போட்லெஷ் பாடியதைக் கேட்டுப் பாருங்கள், நிலம் அதிரும். கடைசியில் சிண்ட்ரெல்லா இளவரசனோடு வந்து நின்றதும், அதே வாயால் ‘என் செல்லமே லூசெத்!’ என்று முதல் ஆளாக ஓடிவந்து கட்டிக்கொள்வாள். இதில் எங்கே ஜரிகை? கல்யாண வீட்டில் நாம் பார்க்காத சித்தியா?

இரண்டு, நான்காம் அங்கத் தொடக்கம். காதலர்கள் இருவரும் காட்டில் தேடிவரும் ஓக் மரத்துக் காட்சிக்குப் பின் மாதங்கள் ஓடிவிட்டன. ஓடைக்கரையில் குளிரில் விறைத்துக் கிடந்தவளைத் தூக்கி வந்திருக்கிறார்கள். அப்பா பக்கத்தில் இருக்கிறார். ‘ஜன்னியில் சிரித்தாய், அழுதாய், இளவரசன் என்று பிதற்றினாய்’ என்கிறார். அப்படியானால் விருந்து, செருப்பு, காதல் எல்லாம் கனவுதானா என்று அவளும் நம்பத் தொடங்குகிறாள். பெரோவில் இது கிடையாது. நடந்ததா நடக்கவில்லையா என்று கதாநாயகிக்கே தெரியாமல் பண்ணுகிறார்கள். குழந்தைக் கதைக்குள் இப்படி ஒரு குழியை வெட்டியவரைச் சர்க்கரை வியாபாரி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அலமாரிக் கேள்வி நியாயமானது. முதலில் வெளியூர்ப் பயணம் நன்றாகவே போனது. 1899 முடிவதற்குள் மிலான், 1902 டிசம்பரில் அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் பிரெஞ்சு ஓபரா. 1911இல் சிகாகோ. அந்தச் சிகாகோ நிகழ்ச்சிக்காக மட்டும் காலயந்திரம் இருந்தால் ஏறிவிடுவேன். லூசெத் மேகி டெய்ட், இளவரசன் மேரி கார்டன். தெபுஸ்ஸியின் ஓபரா நாயகியான மெலிசாந்தை 1902இல் முதன்முதலில் பாடியவர் கார்டன். பாரிஸில் அந்த வேடத்தை அவருக்கு அடுத்து எடுத்துக்கொண்டவர் டெய்ட். அதாவது இரண்டு மெலிசாந்துகள் ஒருவரையொருவர் காதலித்து ஒரே மேடையில் பாடியிருக்கிறார்கள்.

மஸ்னே 1912இல் காலமானார். இரண்டு வருடத்தில் முதல் உலகப் போர். போருக்குப் பிந்தைய காதுகளுக்கு அவர் பழையவர், இனிப்பானவர். அவருடைய ‘மனோன்’, ‘வெர்தேர்’ இரண்டும் எப்படியோ தாக்குப்பிடித்தன. ‘சாந்த்ரியோன்’ தாக்குப்பிடிக்கவில்லை. இதற்கு ஆறு காட்சி வேண்டும், பாலே வேண்டும், மறைவில் கோரஸ் வேண்டும், உயரே பறக்கும் சோப்ரானோ ஒருவர், பாதாளத்துக்கு இறங்கும் கான்ட்ரால்டோ ஒருவர், எல்லாவற்றுக்கும் மேல் நம்பும்படி ஆண்பிள்ளை வேஷம் கட்டத் தெரிந்த பாடகி ஒருவர் வேண்டும். இத்தனையும் ஒரே இடத்தில் அமைவது லேசில்லை.

அரைக்கட்டை எழுதியது:

சார், மேரி கார்டன் என்றதும் ஞாபகம் வருகிறது. மஸ்னேயின் ‘நோத்ர்-தாம் கழைக்கூத்தாடி’ கதை இதற்கு நேர் எதிர் அல்லவா? அதில் முக்கிய வேடங்களையெல்லாம் ஆண்களுக்கே எழுதியிருந்தார், கதாநாயகன் டெனர். கார்டன் 1908இல் நியூயார்க்கில் அந்த வேடத்தைத் தானே எடுத்துக்கொண்டார். மேடையில் துறவி அங்கி, இறங்கியதும் பாரிஸ் தையற்கடை நாகரிக உடை, இதைப் பார்க்கச் சற்றுத் திகைப்பாக இருக்கிறது என்று மஸ்னே தன் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். தான் பெண்ணுக்கு எழுதியதை ஆண் பாடினால் என்ன சொல்லியிருப்பாரோ!

கறார்_காது எழுதியது:

அரைக்கட்டை தம்பி எனக்கு உதவி செய்ய வந்தாரா, கால் வாரிவிட வந்தாரா தெரியவில்லை. அந்த உதாரணம் என் கட்சிக்குத்தான் பலம். குரலை மாற்றிப் பாடியும் அந்த ஓபரா அமெரிக்காவில் கார்டனால்தானே ஓடியது? எழுதியவர் திகைத்தார், ஜனங்கள் கைதட்டினார்கள். அதேபோல இங்கே கெட்டா. 1978 பதிவு வராமல் இருந்திருந்தால் இன்று இந்த இழையே இருக்காது. பூசணித்தேர் எந்த சிடியை வாங்கியிருப்பார்?

மூன்றாம்மணி எழுதியது:

அந்தப் பாயிண்டை முழுசாக ஒப்புக்கொள்கிறேன். கெட்டா பதிவுதான் இந்த ஓபராவைப் பலர் காதில் போட்டது. வான் ஸ்டேட் அதோடு நிற்கவில்லை. 1979இல் ஒட்டாவாவில் மேடையிலும் பாடினார். அங்கே இளவரசன் டீலியா வாலிஸ், பெண்தான். ஆக மீட்டெடுப்பு தொடங்கும்போதே, சிடியில் ஆண், மேடையில் பெண் என்று இரண்டு பாதை பிரிந்துவிட்டது.

ஆனால் சங்கீதமாகப் பார்ப்போம். டெனர் பாடினால் எழுதிய ஸ்வரம் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். சாதாரண டூயட்டில் அதனால் மோசமில்லை. மூன்றாம் அங்கத்து ஓக் மரக் காட்சிக்கு வாருங்கள். காதலர்கள் இருவரும் தனித்தனியே தேவதையிடம் முறையிட வருகிறார்கள். நடுவில் அவள் பூவேலி ஒன்றை எழுப்பிவிடுகிறாள். குரல் கேட்கும், முகம் தெரியாது. மேலே தேவதையின் பிருகா கண்ணாடித் தூள் மாதிரி சிதறுகிறது. கீழே ஏறத்தாழ ஒரே உயரத்தில் இரண்டு பெண் குரல்கள், ஒன்றின் வாக்கியத்தை மற்றது எடுத்துக்கொண்டு, முன்னும் பின்னுமாகப் போகின்றன. யார் குரல் எங்கே முடிந்தது என்று சில நொடிகள் நமக்கே தப்பிப்போகும். இருட்டில் தேடுகிறவர்களுக்கு அப்படித்தானே இருக்கும்? ஒருவரை ஒரு ஸ்தாயி கீழே தள்ளினீர்கள் என்றால் அந்த மயக்கம் போச்சு. மேலே பெண், கீழே ஆண், நடுவில் காலி இடம். விளக்கைப் போட்டுவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது.

இன்னொன்று. அரசவைக்கு ஒரு சங்கீதம், காட்டுக்கு ஒரு சங்கீதம் என்று மஸ்னே பிரித்து வைத்திருக்கிறார். அரசவையில் ரிகோதோன் போன்ற பழைய காலத்து நடனங்கள், தாளம் கட்டாக, சட்டம் போட்ட மாதிரி. காட்டில் வாத்தியங்கள் உருகி ஓடுகின்றன, கொஞ்சம் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் வாசனைகூட வரும். அரசவையில் ராஜாவும் மந்திரிகளும் வைத்தியர்களும் ஆண் குரல்கள். அங்கே வாடி உட்கார்ந்திருக்கும் இளவரசனுடைய குரல் மட்டும் அந்த உலகத்தோடு ஒட்டாது. அவன் காட்டைச் சேர்ந்தவன் என்பதை வசனம் சொல்வதற்கு முன்னால் குரல் சொல்லிவிடுகிறது. கெட்டா பாடும்போது இளவரசன் ராஜாவின் மகனாகத்தான் இருக்கிறான்.

செயின்நதிக்கரை எழுதியது:

அண்ணை, இது புதுப் பார்வை. அடுத்த முறை இப்படிக் கேட்டுப் பார்க்கிறேன்.

மெட்ரோபாலிட்டன் வீடியோவைப் பற்றி ஒரு தகவல். இயக்குநர் லோரான் பெல்லியின் அந்த மேடையேற்றம் புதிதாக 2018இல் செய்தது அல்ல. 2006இல் அமெரிக்காவின் சான்டா ஃபேயில் பாடகி ஜாய்ஸ் டிடொனாடோவை லூசெத்தாக வைத்துத் தொடங்கியது. 2011இல் லண்டன் கோவென்ட் கார்டன், பிறகு ப்ரஸ்ஸல்ஸ், லில், பார்சலோனா என்று சுற்றி, 2018 ஏப்ரலில்தான் நியூயார்க் போனது. மெட்ரோபாலிட்டன் இந்த ஓபராவை மேடையேற்றியதே அதுதான் முதல் தடவை. சுவர்களைக் கவனித்தீர்களா பூசணித்தேர்? பார்பரா த லிம்பர்க் செய்த அரங்கம் முழுவதும் பெரோவின் கதையே எழுத்தாக அச்சிட்டிருக்கும். புத்தகத்தின் பக்கங்களுக்குள் ஆட்கள் நடமாடுவது போல.

லண்டனிலும் நியூயார்க்கிலும் நடத்துநர் ஒருவரே, பெர்ட்ராண்ட் த பில்லி. இளவரசனும் ஒருவரே, ஆலிஸ் கூட்.

பூசணித்தேர் எழுதியது:

அந்த எழுத்தைப் பார்த்தேன்! கதவுகூட எழுத்தாக இருந்தது. மகள் அதை ‘நோட்டுப்புத்தக வீடு’ என்றாள்.

கண்ணாடிச் செருப்பு என்பதே அச்சுப்பிழை, ரோமச் செருப்புதான் சரி என்று எங்கோ படித்தேனே, உண்மையா?

அரைக்கட்டை எழுதியது:

அது பிரெஞ்சுக்காரர்களின் நிரந்தரச் சண்டை அக்கா. கண்ணாடிக்கும் ஒரு வகை அணில் ரோமத்துக்கும் பிரெஞ்சில் ஒரே உச்சரிப்பு, எழுத்து மட்டும் வேறு. கண்ணாடியில் யாராவது செருப்புப் போடுவார்களா, ரோமம்தான் என்று நாவலாசிரியர் பால்சாக் தன் பாத்திரம் ஒன்றின் வாயால் சொல்ல வைத்தார். ஆனால் பெரோ 1697இல் அச்சிட்டது கண்ணாடிதான். பூசணி தேராகலாம், எலி குதிரையாகலாம், செருப்பு மட்டும் நடைமுறைக்கு ஒத்துவர வேண்டுமாம்!

செயின்நதிக்கரை எழுதியது:

பிரெஞ்சில் சிண்ட்ரெல்லா ஓபரா என்றால் இது ஒன்று மட்டும் இல்லை. 1810இல் இசுவார் என்பவர் அதே ஒபேரா-கொமீக் குழுவுக்காக ஒன்று செய்தார். மஸ்னேக்குப் பின் 1904இல் பொலின் வியார்தோ ஒன்று எழுதினார். எண்பத்திரண்டு வயது அம்மாவுக்கு! ஒரு பியானோ, ஏழு குரல், ஒரு வீட்டுக் கூடம். கறார்_காதுக்கு இதைச் சிபாரிசு செய்கிறேன். இரண்டரை மணி நேரம் உட்கார வேண்டாம்.

கறார்_காது எழுதியது:

வியார்தோ கேட்டிருக்கிறேன், நன்றாகவே இருக்கும். வெட்டிப் பேசத் தெரிந்த அம்மா.

சரி, ஓக் மரக் காட்சியை மறுபடி இரண்டு விதமாகவும் கேட்டேன். மூன்றாம்மணி சொன்ன ‘விளக்கைப் போட்டுவிட்ட மாதிரி’ என்பதில் விஷயம் இருக்கிறது. பாதி ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதி, முழு ஓபராவும் அந்தக் காட்சி அளவுக்கு இருந்திருந்தால் கொடுத்திருப்பேன். இரண்டாம் அங்கத்து பாலே நீளம்தான், அதற்கு யாரும் வக்காலத்து வாங்க வேண்டாம்.

மூன்றாம்மணி எழுதியது:

பாலேவுக்கு வாங்கவில்லை. நீளம்தான்.

ஒரு சின்ன விஷயம் விட்டுப்போனது. ஆரம்பத்தில் மஸ்னே ஒரு முன்னுரைக் காட்சியும் எழுதியிருந்தார். பாத்திரங்கள் ஒவ்வொருவராக வந்து தங்களை ரசிகர்களுக்கு அறிமுகம் செய்துகொள்வது போல. அரங்கேற்றத்துக்கு முன்பே அதை எடுத்துவிட்டார். ஆனால் அதற்கு ஜோடியான கடைசி வரிகள் தங்கிவிட்டன. கதை முடிந்ததும் எல்லோரும் நம் பக்கம் திரும்பி, ‘நாடகம் முடிந்தது. உங்களை அழகான நீல தேசங்களுக்குப் பறக்க வைக்க எங்களால் ஆனதைச் செய்தோம்’ என்று பாடுவார்களே, அது. தலை போனது, வால் மட்டும் இருக்கிறது. முதல் தடவை பார்ப்பவர்கள் இது ஏன் திடீரென்று என்று முழிப்பார்கள்.

2019இல் இங்கிலாந்தின் க்ளைண்ட்போர்ன் ஓபரா விழாவில் ஃபியோனா ஷா இயக்கியதையும் முடிந்தால் பாருங்கள். டேனியல் த நீஸ் லூசெத், கேட் லிண்ட்ஸி இளவரசன். இளவரசன் பெண்ணாகவே இருந்தால்தான் என்ன என்று அந்த இயக்குநர் தைரியமாக விளையாடியிருக்கிறார். எல்லோருக்கும் பிடிக்காது. எனக்குப் பாதி பிடித்தது.

பூசணித்தேர் எழுதியது:

அந்த முழித்த ஆள் நான்தான்.

நேற்று ராத்திரி மகளை உட்காரவைத்து ஒரு சோதனை செய்தேன். ஓக் மரக் காட்சி மட்டும். முதலில் கெட்டா சிடி, அடுத்து வீடியோவின் ஒலி மட்டும், திரையை மூடிவிட்டு. காட்சி என்ன என்று சொல்லவில்லை. கெட்டா முடிந்ததும், ‘ஒரு மாமா, ஒரு அக்கா பாடுறாங்க, மேலே ஒரு பறவை’ என்றாள். இரண்டாவது ஓடும்போது பாதியிலேயே என் கையைப் பிடித்து, ‘அம்மா, இதுல யாரு யாரைத் தேடுறாங்கன்னே தெரியலை’ என்றாள்.

தேடுகிறார்கள் என்று நான் சொல்லவே இல்லை.

கறார்_காது எழுதியது:

குழந்தையைச் சாட்சிக்கு இழுத்தால் நான் என்ன பேச. இன்னொரு கால் பங்கும் கொடுத்துவிட்டேன், எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காக கெட்டா சிடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பூசணித்தேர் எழுதியது:

ஐயோ, போடுவேனா. சமையலுக்கு இன்னும் அவர்தான். இன்றைக்குச் சாம்பாருக்குப் பூசணிக்காய்.